ஷெட்டுக்குள் ஒரு ஜெட் படகு

ஏப்ரல் 12, கிரைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

பழைய ஜெட் ஸ்கி வீட்டுக்கு வந்துவிட்டது. யமஹா, 701 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஃபைபர் உடம்பு எங்கோ மோதிப் பிளந்து கிடக்கிறது. எஞ்சினும் பம்ப்பும் நல்ல நிலையில் இருக்கின்றன. எனக்கு வேண்டியதும் அவைதான். பன்னிரண்டு அடி அலுமினியப் படகு ஷெட்டில் கவிழ்ந்து காத்திருக்கிறது.

அவுட்போர்டு மாட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்காதவர் இல்லை. வைமகரிரி ஆற்றைப் பார்த்தவர் கேட்கமாட்டார். பல கிளைகளாகப் பின்னிப் பிரிந்து ஓடுகிற ஆறு அது. போன வாரம் ஆழமாக இருந்த கிளை, ஒரு வெள்ளம் வந்து போனால் கூழாங்கல் மேடு. அங்கே புரொப்பெல்லர் ஒரு நாள் தாங்காது. அவுட்போர்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டு ஜெட் பகுதியை மாட்டுவது சுலபமான வழிதான். ஆனால் அதில் ஏறத்தாழ 30 சதவீதக் குதிரைத்திறன் வீணாகும்; தண்ணீரை உறிஞ்சும் வாயும் படகின் அடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 27

மழை. ஷெட்டில் வேலை இல்லை. பில் ஹாமில்டனைப் பற்றிப் படித்தேன். மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். ஆழமில்லாத ஆறுகளில் எதிர்நீச்சல் போடும் படகு வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் பண்ணைப் பட்டறையிலேயே வேலையைத் தொடங்கினார். முதலில் தண்ணீரைப் படகின் அடியில் பீய்ச்சினார், வேகம் வரவில்லை. பீய்ச்சும் குழாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கியதும் படகு பறந்தது. 1960இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனை எதிரோட்டத்திலேயே ஏறிக் கடந்தன. இவ்வளவுக்கும் அடிப்படை, ஒரு குழாயை எங்கே வைப்பது என்கிற கேள்வி!

மே 18

பம்ப் தண்ணீரை உறிஞ்சும் ஓட்டைக்காகப் படகின் அடித்தகட்டை இன்று அறுத்தேன். நல்ல தகட்டில் கிரைண்டரை வைக்கிற அந்த முதல் நொடி யாருக்கும் பிடிக்காது.

ஓட்டையைவிட முக்கியமானது அதற்கு முன்னால் இருக்கிற பகுதி. இந்தப் படகின் அடியில் நடுவே முதுகெலும்புபோல ஒரு கீல் ஓடுகிறது. இருபுறமும் அழுத்திய வரிகள், வரிசையாக ரிவெட் தலைகள். வேகம் பிடிக்கும்போது இவை ஒவ்வொன்றும் காற்றுக்குமிழிகளை இழுத்து நேராகப் பம்ப்பின் வாய்க்குள் தள்ளும். காற்றை விழுங்கினால் பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் அலறும், படகு நகராது. ஆகவே கீலை வாய்க்கு வெகு முன்னாலேயே வெட்டிச் சரிவாக முடித்தேன். ரிவெட்டுகளை எடுத்துவிட்டு, துளைகளை வெல்டிங்கில் மூடி, கை வைத்தால் வழுக்கும்படி தேய்த்தேன். ஜெட் படகு கட்டுகிறவருக்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் பெரிய தலைவலி.

ஜூன் 15

உறிஞ்சுகுழாயை முதலில் அட்டையில் செய்து பார்த்து, பிறகு 5083 ரக அலுமினியத் தகட்டில் வெட்டினேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை உரிக்காமல் வெல்டிங் செய்தால் உள்ளே உருகி ஓடும், மேலே ஒட்டாது. அலுமினியத்துக்கென்றே தனியாக ஒரு ஸ்டெயின்லெஸ் பிரஷ். இரும்பைத் தேய்த்த பிரஷ் இந்தப் பக்கம் வரவே கூடாது. ஒரே மூச்சில் இழுத்தால் தகடு கோணிக்கொள்ளும் என்பதால் இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடை.

ஜூலை 20

எஞ்சினை இறக்கியாயிற்று. ஷாஃப்டும் கப்ளிங்கும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் பேரிங் பிழைக்கும். பின்னிரவு வரை மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகி எடுத்துக்கொண்டிருந்தேன். இம்பெல்லர் நுனிக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் கேஜ்கூட நுழையவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் தண்ணீர் பின்னோக்கி நழுவும். எஞ்சின் எடை பின்பக்கம் அழுத்துகிறது. பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் முன்னுக்குக் கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 31

முதல் உறுமல். தோட்டக் குழாயை மாட்டி ஓட்டும்போது ஒரு வரிசை உண்டு: எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு, நிறுத்தும்போது தண்ணீர் முதலில், எஞ்சின் பிறகு. மாறினால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். சாவியைத் திருப்புவதற்கு முன் நான்கு நிமிடம் புளோயர் ஓட வேண்டும். மூடிய அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, இதுல பிரேக் எங்கே?”

“நாசில் மேல இறங்குற அந்த மூடிதான்மா. தண்ணியை முன்பக்கமாத் திருப்பிவிடும்.”

“அப்போ சுக்கான்?”

சுக்கான் கிடையாது என்றதும் அவள் முகம் போன போக்கு!

அக்டோபர் 19

வடமேற்குக் காற்றோடு மலையில் மழை. வைமகரிரி கலங்கி ஓடுகிறது. அதனால் ஆஷ்பர்ட்டன் அருகே ஹூட் ஏரிக்குப் போனோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும்வரை படகைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் எஞ்சினைத் தொட்டேன். கரையோரத்தில் உறிஞ்சினால் சரளைக்கல்தான் உள்ளே வரும். த்ராட்டிலை அழுத்தியதும் மூக்கு உயர்ந்து, பிறகு படிந்தது. பம்ப் அலறவில்லை. கீலை வெட்டியது வீண்போகவில்லை.

பிறகு, ஆளில்லாத நடு ஏரியில், வேண்டுமென்றே வேகத்தில் த்ராட்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். படகு கொஞ்சமும் கேட்காமல் நேராகப் போனது. பின்னால் தண்ணீர் பாயாவிட்டால் இதற்குத் திசையே கிடையாது. ஆபத்து என்றதும் த்ராட்டிலை விடுவதுதான் கார் ஓட்டிப் பழகிய கை செய்வது. இங்கே அதுதான் பாறையில் கொண்டு மோதும். த்ராட்டிலைக் குறைக்காமல் திருப்பும் பழக்கம் கைக்கு வரும்வரை மகளை ஏற்றவில்லை.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல். எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச்சின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் புறப்படாதீர்கள். இன்னொரு ஆற்றில் இறக்கும் முன் பம்ப்பின் உள்புறத்தைச் சோப்பு நீரில் கழுவி, ஈரம் போனபின் மேலும் 48 மணி நேரம் காயவிடுங்கள். டிடிமோ பாசி 2004இல் தென் தீவில் தென்பட்டதிலிருந்து இங்கே அதுதான் விதி. ஜெட் படகின் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்.