அன்னையின் குரலும் ஒரு திருகாணியும்

மறைந்த எம் அன்னையார் தாலாட்டுப் பாடியதை 1980களில் உறவினர் ஒருவர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். யுத்தத்தையும் இடப்பெயர்வுகளையும் தாண்டி அந்நாடா எம் தமக்கையாருடன் கனடா போய்ச் சேர்ந்தது. அவர் அதனைக் கணினியிற் பிரதி செய்து சென்ற ஆண்டு எமக்கு அனுப்பினார். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில், எம் மகன் காரிலே புதிதாகப் பொருத்துவித்த ஒலிக்கருவியில் அதனைக் கேட்கலாமென்று ஆவலோடு ஏறி அமர்ந்தோம். கேட்டது தாலாட்டன்று. நுளம்பொன்று காதருகே ரீங்காரமிடுவது போன்ற ஓர் இரைச்சல். அதனடியிலே எங்கோ அன்னையின் குரல்.

"பிரதி பழுதாய்ப் போச்சுது, அக்கா" என்று அன்றிரவே தொலைபேசியிற் சொன்னோம். "இஞ்சை நல்ல தெளிவாய்க் கேட்குது, தம்பி" என்றார் அவர். நாம் ஒப்பவில்லை. கைத்தொலைபேசியிற் கேட்டபோது இரைச்சல் இருக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், சிறு ஒலிபெருக்கி குறையை மறைக்கின்றது என்று அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கிய பொருளிலே குற்றங்காண மனிதருக்கு மனம் வருவதில்லை அன்றோ! அதன்பின் இரண்டு கிழமையாக அக்காவிடமிருந்து அழைப்பு வரவில்லை.

உண்மையைக் கண்டவன் எம் இளைய மகன். கார் வேகமெடுக்கும்போது இரைச்சலின் சுருதி உயர்கின்றது, நிற்கும்போது தாழ்கின்றது என்றான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதிந்த நாடாவுக்கு எமது கால் அழுத்தும் வேகம் எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.

வீட்டு மின்சாரம் போவதற்கு ஒரு கம்பியும் திரும்புவதற்கு ஒரு கம்பியும் வைக்கின்றோம். காரிலோ திரும்பும் வழி பெரும்பாலும் அதன் இரும்பு உடலேயாம். பற்றரியின் மறைமுனையை உடலோடு பிணைத்துவிட்டால், விளக்கோ ஒலிக்கருவியோ தன் மறுகம்பியை அண்மையிலுள்ள இரும்பில் இறுக்கினாற் போதும். இதனைத் தொழிலாளர் 'ஏர்த்' என்பர். மண்ணோடு இதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. பெயர் மாத்திரமே அப்படி.

இப்பாடத்தை நாம் சிறுவயதிலேயே கற்றிருந்தோம் என்பதுதான் வெட்கம். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள். சைக்கிளை நிறுத்தி வைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. டைனமோவின் தலையிலிருந்து ஒரு கம்பி வரும். மற்றையதைச் சைக்கிட் சட்டத்திற் கட்டுவோம். டைனமோவைத் தாங்கும் பட்டையிலே கூர்முனைத் திருகாணி ஒன்று உண்டு. அது சட்டத்தின் வர்ணப் பூச்சைத் துளைத்து இரும்பிற் பதிந்தாலன்றி மின்சாரம் ஓடாது. செய்தியின் நடுவே வானொலி தடுமாறினால், அயல்வீட்டு அண்ணை வேறெதனையும் பாரார். கத்திமுனையால் அவ்விடத்தைச் சுரண்டித் திருகாணியை இறுக்குவார். வானொலி மீண்டும் பேசும்.

அந்த அண்ணையின் கத்தி நினைவுக்கு வரவே காரின் டிக்கியைத் திறந்தோம். ஒலியைப் பெருக்கும் 'அம்ப்' என்னும் கருவி அங்கேதான் இருந்தது. அதன் ஏர்த் கம்பியைப் பொருத்தியவர்கள், வர்ணத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒரு சிறு திருகாணியால் இறுக்கிவிட்டுப் போயிருந்தனர். அதற்குமேல் எமது கைங்கரியமும் சேர்ந்துகொண்டது. காரைநகர் கசூரினாக் கடற்கரையிற் குளித்துவிட்டு ஈரத் துவாய்களை அம்மூலையிற்றானே எறிந்து வந்தோம்! திருகாணியைச் சுற்றிச் செந்துரு. செப்புக் கம்பியிலே பச்சைக் களிம்பு.

செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புநீர் புகுந்தால், அவ்விடம் தானே ஒரு சிறு மின்கலமாகி இரும்பு அரிக்கப்படும். 1800இல் வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர் இருவகை உலோகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கியே தம் முதல் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். அவர் முயன்று செய்ததை எமது ஈரத்துவாய் முயலாமலே செய்துவிட்டது.

மின்னளவுமானி ஒன்றை இரவல் வாங்கினோம். பாட்டு ஓங்கி ஒலிக்கையில், அதன் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும் மறுமுனையை அம்பின் ஏர்த் முனையிலும் வைத்துப் பார்த்தால், ஏறத்தாழச் சுழியமே காட்டவேண்டும். எமக்கு 0.9 வோல்ற் காட்டியது. 20 அம்பியர் ஓடும் வழியில் அவ்வளவு வோல்ற் இழக்கப்படின், 18 வாற்று அங்கே வெறும் சூடாகப் போகின்றது. தொட்டுப் பார்த்தோம், திருகாணி சுட்டது. வழி இப்படி அடைபட்டபோது, மின்சாரத்தில் ஒரு பகுதி, முன்னாலுள்ள வானொலியிலிருந்து இசையைக் கொண்டுவரும் மெல்லிய கம்பியின் மேலுறை வழியாகத் திரும்ப முயலும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஓல்டர்னேற்றரின் முனகல் அவ்வழியாகத்தான் பாட்டினுட் புகுந்தது. நுளம்பின் கதை அதுவே.

திருத்தியது ஒரு மணி நேர வேலை. முதலில் பற்றரியின் மறைமுனையைக் கழற்றினோம். அதனைக் கழற்றாமல் நேர்க்கம்பியில் வேலை செய்யும்போது, சாவி தவறி உடலிற் பட்டாற் பொறி பறக்கும். பழைய இடத்தைக் கைவிட்டு, அருகே தடித்த இரும்பில் ஒரு நாணயத்தின் அகலத்துக்கு வர்ணத்தைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியச் செய்தோம். கம்பி நுனிக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வளையம் வாங்கினோம். பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவித்தது போல, வெள்ளீயம் நடுவே நின்று செம்பும் இரும்பும் நேரே பொருதாமற் காக்கும். பல்வைத்த வாசரும் போல்ற்றும் இட்டு இறுக்கிய பின்னரே, மேலே வசலின் தடவி, விளிம்புக்கும் காரின் அடிப்புறத்துக்கும் வர்ணம் பூசினோம். வர்ணத்தை முன்னே பூசுவது, கதவைப் பூட்டிவிட்டு விருந்தாளியை அழைப்பதை ஒக்கும். கம்பி, நேர்க்கம்பியின் பருமனே உள்ளது. நீளம் ஒரு முழத்துக்கு மேற்படாதது.

இன்னும் இரண்டொன்று சொல்லவேண்டும். இருக்கைப் பட்டியைத் தாங்கும் போல்ற் வசதியாகக் கண்ணிற் படும். அதனைக் கழற்றி ஏர்த் கம்பியை இடுதல் ஆகாது. அது உயிர்காக்க வைத்த போல்ற். பற்றரி முனையிற் பூக்கும் வெண்பச்சைத் தூளை, செப்புக்குடம் துலக்கும் நினைவிலே புளியாற் கழுவ எண்ணவேண்டாம், அமிலத்தின்மேல் அமிலமாகும். அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்து உலரவிடுக. எம் தந்தையார் வைத்திருந்த ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழைய பிரித்தானியக் கார்களிலே நேர்முனைதான் உடலோடு பிணைந்திருக்கும். இக்காலக் கருவியை அவற்றில் அப்படியே பூட்டினாற் கருவி போயிற்று.

மானி இம்முறை 0.05 வோல்ற் காட்டியது. அன்று மாலை காரிலிருந்தபடியே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, பிழை எம்முடையதென்று சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "போடு, நானும் கேட்கிறன்" என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நுளம்பு இல்லை. தாலாட்டு முடியும் இடத்திலே ஒரு காகம் கரைந்தது. பின், இத்தனை நாளும் இரைச்சலில் எமக்குக் கேளாதிருந்த ஒரு சொல், பதிவு செய்தவரை நோக்கி அன்னை சிரித்துக்கொண்டே சொன்னது: "காணும், நிற்பாட்டு."