திருவரங்குளத்தில் மூன்று இரவுகள்

குடும்பத் தலைவர் கடல் கடந்து பணிபுரியும் இல்லங்களில் விடுமுறை என்பது ஓர் எண்ணிக்கை. எங்கள் இல்லத்தில் அது முப்பத்தைந்து நாள். உறவினர் வீடுகளுக்குப் பத்து, திருமணங்களுக்கு ஐந்தாறு, பத்திரப்பதிவு, வங்கி, மருத்துவர் என்று ஒரு வாரம். இவ்வாறும் பிறவாறும் கழிந்தது போக எஞ்சும் நான்கு நாட்களில்தான் பிள்ளைகள் தம் அத்தாவைத் தமக்கே உரியவராகக் காண வேண்டும். அந்த நான்கு நாட்களை வீணாக்கிவிட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. அதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

இரண்டாண்டுகளுக்கு முன்பு, திருச்சியிலிருந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். ஒரே பகலில் ஐந்து இடங்கள் என்பது திட்டம். மூன்றாவது இடத்தில் மகன் வாந்தி எடுத்தான். நான்காவது இடத்தில் மாமியார் வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். ஐந்தாவது இடத்தின் வாயிலை அடைந்தபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. லுஹரும் அஸரும் அவசர அவசரமாக நிறைவேறின. வீடு திரும்பியதும் என் கணவர், "என்ன பார்த்தோம்?" என்று கேட்டார். பிள்ளைகள் இருவரும் வழியில் வாங்கிய பொம்மையைக் காட்டினார்கள்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் வேறு விதமாக எண்ணினோம். மாமியாருக்குக் காட்டுபாவா பள்ளிவாசலுக்குச் செல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கணவருக்குப் பழைய நகரங்களில் ஈடுபாடு. பிள்ளைகளுக்கோ ஓடுவதற்கு வெட்டவெளி வேண்டும். எனக்கு வேண்டியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மூன்று நாளேனும் மூட்டை கட்டி அவிழ்க்காத பயணம். அப்போதுதான் என் சின்னம்மா வாழும் திருவரங்குளம் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். ஒரு புறம் நகரம், மறு புறம் காடும் கழனியும். ஒரே இடத்தில் தங்கி, நாளுக்கு ஒரு திசை என்று சென்று வருவதென முடிவு செய்தோம்.

இங்கே ஒரு குறிப்பு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் அவ்வாறே. ஆகவே வியாழனன்று புறப்பட்டு நகரத்தை அன்றே பார்த்துவிட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் ஓய்வுக்கும் உரியதாயிற்று.

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் தனி அரசாக விளங்கிய சமஸ்தானத்தின் தலைநகரம். அதன் நேரான வீதிகளுக்கும் பெரிய குளங்களுக்கும் 1878 முதல் 1894 வரை நிர்வாகம் செய்த சேஷையா சாஸ்திரியார் காரணமானவர். புதிய அரண்மனை இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திருக்கோகர்ணத்திலுள்ள அருங்காட்சியகம் 1910இல் நிறுவப்பட்டது. விலங்குகளையும் படைக்கலன்களையும் கடந்து, அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசின் முன்னேதான் என் மகன் நின்றுவிட்டான். "இதை வைத்து அப்போது என்ன வாங்கலாம், அத்தா?" என்ற அவன் கேள்விக்கு அவர் அரைமணி நேரம் விடை கூறினார். எங்களை அவசரப்படுத்த எந்த வேனும் வெளியே நிற்கவில்லை.

திருவரங்குளத்தின் அழகு மலைநாட்டின் அழகன்று. செம்மண், பனை, முந்திரித் தோப்பு, இடையிடையே தைலமரக் காடு. தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற மனக்குறை இவ்வட்டார விவசாயிகளிடம் நெடுங்காலமாக உண்டு. மழை ஓய்ந்த மார்கழியில் சென்றதால் குளங்கள் நிறைந்திருந்தன. இதே சாலையில் மேலும் சென்றால் வம்பன். உளுந்து விதை வாங்கும் விவசாயிகள் அறிந்த பயறு ஆராய்ச்சிப் பண்ணை அங்குள்ளது. அதற்கும் அப்பால் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகள் பூவுக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றவை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அங்கே முதிர்ந்த மரங்களை வேரோடு சாய்த்ததைச் சின்னம்மா சொல்லும்போது இன்றும் குரல் கம்முகிறது.

இவ்வூரில் சோழர் காலத்துச் சிவாலயம் ஒன்று உள்ளது. அதன் தலக்கதையில் பொன்னாகக் காய்த்த பனைமரம் ஒன்று வருகிறது. கதை எப்படியாயினும், அருகிலுள்ள கோட்டைக்குப் பொற்பனைக்கோட்டை என்றே பெயர். வெள்ளி மாலை அங்கே சென்றோம். கோட்டை என்றதும் மதிலும் பீரங்கியும் எதிர்பார்த்த பிள்ளைகள் ஏமாந்தார்கள். கண்ணுக்குத் தெரிவது புதர் மண்டிய மண்மேடும், வெளியே அகழியின் பள்ளமுமே. ஆனால் அந்த மேடு சங்க காலத்து மதில். 2021இலும் பின்னர் 2023இலும் இங்கு அகழாய்வு நடைபெற்றது. செங்கற் கட்டுமானமும், பொன்னாலான சிறு மூக்குத்தியும், எலும்புமுனைக் கருவியும், சூதுபவள மணியும் வெளிப்பட்டன.

மூக்குத்தி என்றதும் அதுவரை கல்லின்மேல் அமர்ந்திருந்த என் மாமியார் எழுந்தார். "எந்தப் பெண் தொலைத்தாளோ, வீட்டில் எவ்வளவு திட்டு வாங்கினாளோ!" என்றார். வரலாற்று நூல்கள் எதிலும் நான் காணாத உரை அது. பிறகு அவரும் மகனும் பேத்தியும் அம்மேட்டின்மேல் மெல்ல நடந்தார்கள். ஐந்தாண்டுகளாகத் தொலைபேசியில் நலம் விசாரித்தே பழகிய தந்தையும் மகளும் மஃரிப் நெருங்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை தெற்கே சென்றோம். திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி மன்னர் கட்டியது என்பர். பாறை ஏறி உச்சிக்குப் போனால் சுற்றுவட்டாரம் முழுதும் தெரியும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழே நிழலில் இருப்பதே நலம். நானும் மாமியாரும் அவ்வாறே இருந்தோம். அதே சாலையில் மேலும் சென்றால் காட்டுபாவா பள்ளிவாசல். பாவா ஃபக்ருத்தீன் அவர்கள் அடங்கிய தலம். எல்லாச் சமயத்தவரும் வருகின்றனர். ரபீவுல் ஆகிர் மாதத்துக் கந்தூரியில் நெரிசல் மிகும். அமைதியை நாடுவோர் அக்காலம் தவிர்க்கலாம். நாங்கள் சென்ற அன்று கூட்டமில்லை. மாமியார் தனியே வெகுநேரம் அமர்ந்திருந்து, திரும்பி வந்து, "இனி ஊட்டிக்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சிரித்தார்.

ஞாயிறன்று ஊர் திரும்பும்போது அன்னவாசல், விராலிமலை வழியைத் தேர்ந்துகொண்டோம். அவ்வழியில்தான் சித்தன்னவாசல். சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன், யானை, மலர் பறிக்கும் மனிதர். பெரும்பகுதி சிதைந்துவிட்டது, எஞ்சியதற்காகவே போகலாம். குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்தில் துறவிகள் துயின்ற 17 கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்தும் உள்ளன. வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

குடுமியான்மலையும் கொடும்பாளூரும் நார்த்தாமலையும் எஞ்சிவிட்டன. கணவருக்குச் சற்று வருத்தம்தான். அடுத்த விடுமுறைக்கு அவற்றை வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். சமையலறை விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன்: பகலுணவை வெளியில் வாங்கிக்கொள்வதென்ற எங்கள் ஒப்பந்தத்தைச் சின்னம்மா இரண்டாம் நாளே மீறி, நாட்டுக்கோழிக் குழம்பை அடுக்குச் சட்டியில் கொடுத்தனுப்பிவிட்டார்.