ஐஸ் பார் தெரியும்... பனி தெரியுமா?

கல்மண்டபம் பஸ் ஸ்டாப் டீக்கடை. "பனிச்சறுக்கு போறோம் மச்சி"ன்னு சொன்னதும் கடையே சிரிச்சுது. காரணம் இருக்கு. சொன்னவன், காசிமேட்டுல ராத்திரி வேலை பாக்குற எங்க கேங் நண்பன். பகல்ல காலேஜ். ராத்திரியில ஐஸ் பார் உடைச்சு போட்டுல ஏத்தணும். "தெனம் ஐஸோட குடும்பம் நடத்துறவன், ஐஸைப் பாக்க டெல்லி தாண்டிப் போறானாம்பா!"

ஆனா போனோம். 2023 டிசம்பர். அப்போ நாங்க ஃபர்ஸ்ட் இயர். சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ரெண்டு ராத்திரி. டெல்லியிலேர்ந்து பஸ்ல இன்னொரு ராத்திரி. மணாலிக்குப் பக்கத்துல இருக்கற சோலாங் பள்ளத்தாக்குல போய் இறங்கினா... புல்லும் பாறையும்தான்! வாடகைக்கு எடுத்த கோட்டு, பூட்ஸோட சேத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பினோம். ஐஸ் கம்பெனி நண்பன் எட்டு மாசம் தோள்ல சுமந்து சேர்த்த காசு அது. திரும்பி வர்றப்ப ரயில்ல அவன் ஒரு வார்த்தை பேசல.

தப்பு மலை மேல இல்ல. எங்க மேலதான். 'கிறிஸ்துமஸ் லீவு'ன்னு தேதியைப் பாத்தோமே தவிர, பனியைப் பாக்கல. நண்பனோட அப்பா ஒரே கேள்வியில எங்களை மடக்கிட்டாரு. "கடலுக்குப் போறவன் காலண்டரைப் பாத்தாடா போறான்? காத்தைப் பாத்துதானே போறான். ஏப்ரல் 15 வந்தா 61 நாள் போட்டே எடுக்கறதில்ல. மலைக்கும் ஒரு சீசன் இருக்காதா?"

இருக்கு. நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதிரி, இமயமலைக்குப் பனி கொண்டு வர்றது மேற்கிலேர்ந்து, மத்தியதரைக் கடல் பக்கத்துலேர்ந்து கிளம்பி வர்ற காற்றுச் சுழற்சிகள். ஜனவரி, பிப்ரவரிதான் அதுங்களோட பீக். அந்தக் குளிர்காலத்துல சுழற்சிகள் ஏமாத்தினதால, 2024 ஜனவரியில குல்மார்க்கே காய்ஞ்சு கிடந்தது. அதனால இந்த முறை பேப்பரும் பேனாவுமா உக்காந்தோம்.

குல்மார்க்

இந்தியாவுல பனிச்சறுக்குன்னா முதல் பேரு இதுதான். கொண்டோலான்னு சொல்ற கேபிள் கார், ரெண்டு கட்டமா அஃபர்வாத் மலையில கிட்டத்தட்ட 13,000 அடி வரைக்கும் தூக்கிட்டுப் போவுது. 2020-ல முதல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டு நடந்ததும் இங்கதான். ஆனா மேல்கட்டம் கை தேர்ந்தவங்களுக்கு. 2023 பிப்ரவரியில அந்த மலைச்சரிவுல பனிச்சரிவு வந்து ரெண்டு போலந்துக்காரங்க இறந்தாங்க. புதுசா கத்துக்கறவங்களுக்குக் கீழே சாதுவான சரிவு இருக்கு. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு எங்க வீட்டுல அம்மாக்கள் காஷ்மீர்னாலே வேணாம்னுட்டாங்க. சண்டை போட தைரியம் வரல.

சோலாங்

போறதுக்கு ஈஸி. 2020-ல திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர். சோலாங்ல பனி இல்லாட்டி அதைத் தாண்டி சிஸ்ஸு பக்கம் தேடலாம். மணாலியில அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இருக்கு. சீசன்ல பனிச்சறுக்குக் கோர்ஸ் நடத்துறாங்க. ஆனா கூட்டம்! ரங்கநாதன் தெருவுல ஸ்கீ மாட்டிக்கிட்டு நிக்கிற ஃபீலிங்.

ஆலி

உத்தரகண்ட். ரிஷிகேஷ்லேர்ந்து ஜோஷிமட் வரைக்கும் கங்கையையும் அலக்நந்தாவையும் பாத்துக்கிட்டே ஏறுற ரோடு. ஒரு நாள் முழுக்க ஆகும். நிமிர்ந்தா நந்தாதேவி! 2011-ல தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள்ல பனிச்சறுக்குப் போட்டிகள் இங்க நடந்துச்சு. அரசு சுற்றுலா நிறுவனமே 7 நாள், 14 நாள் கோர்ஸ் நடத்துது. ஒரு கவலை. 2023 ஜனவரியில ஜோஷிமட்ல நிலம் இறங்கி வீடுங்க விரிசல் விட்டுச்சு. அப்போ ரோப்வேயையும் நிறுத்தினாங்க. ரோட்டு வழியா ஜீப்ல ஏறிக்கலாம். எதுக்கும் கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு நிலவரம் கேட்டுக்கணும்.

எங்க ஓட்டு ஆலிக்குத்தான். பிப்ரவரி மாசம், 7 நாள் கோர்ஸ். ஃபைனல் இயர் பிராஜெக்ட் செமஸ்டர்ங்கறதால 75 சதவீத அட்டென்டன்ஸும் தப்பிச்சுடும்!

ஸ்கீயா, ஸ்னோபோர்டாங்கற பட்டிமன்றமும் முடிஞ்சுது. ஸ்கீயில ரெண்டு காலுக்கும் தனித்தனிப் பலகை. முதல் நாளே ஓரளவு நிக்கலாம். ஸ்னோபோர்டுல ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிடுவாங்க. முதல் ரெண்டு நாள் விழறதுதான் வேலை. முதல்ல ஸ்கீ, தைரியம் வந்தா ஸ்னோபோர்டு!

நீங்களும் கிளம்பறதா இருந்தா நாலு விஷயம். ஜீன்ஸும் காட்டன் டி-ஷர்ட்டும் ஈரமானா காயாது, கம்பளி எடுங்க. கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்ல, பனி வெளிச்சத்துல கண்ணு கூசாம இருக்க. கயிறு கட்டி 'போகாதே'ன்னு சொன்ன இடத்துக்குப் போகாதீங்க. முக்கியமா, கையில ரெண்டு நாள் மிச்சம் வையுங்க. பனி டயத்துக்கு வராது.

"மறுபடியும் பனி இல்லாட்டி?"ன்னு நண்பனைக் கேட்டேன். உள்ளங்கையைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னான்: "இத்தினி வருஷமா ஐஸ் என் தோள் மேல ஏறிக்கிட்டு இருக்குது மச்சி. ஒரு தபாவாவது நான் அது மேல ஏறணும்."

டிக்கெட் போட்டாச்சு.