எந்தக் கணக்குல?

நேத்து ராத்திரி தறிக்குழியை விட்டு ஏறினதும், 1984ல ராணுவம் பொற்கோயிலை முற்றுகையிட்டது பத்தின ஆவணப்படம் ஒண்ணு பார்த்தேன்.
இன்னும் மனசு ஆறல.

ஜூன் 3. சீக்கிய குரு அர்ஜன் தேவ் நினைவு நாள்.
கும்பிட வந்த சனம் உள்ள. வெளிய ஊரடங்கு.
சீக்கியத் தீவிரவாதத் தலைவர் பிந்த்ரன்வாலேவோட ஆளுங்க ஆயுதத்தோட உள்ள இருந்தது நிஜம்தான்.

ஆனா அரசோட வெள்ளை அறிக்கை, செத்துப்போன ராணுவத்தாரை 83ன்னு தனியா எண்ணுது.
கும்பிட வந்தவங்களையும் துப்பாக்கி பிடிச்சவங்களையும் ஒண்ணா கூட்டிப் போட்டிருக்கு.

அங்கேயே படத்தை நிறுத்திட்டேன்.

நம்ம வரதர் கோயில் வைகாசி கருட சேவைக்கு, இருட்டோட அம்மா என்னை இடுப்புல தூக்கிட்டுப் போவாங்க. கூட்டத்துல நழுவிடாம இருக்க, என் அரைஞாண் கயித்தை விரல்ல சுத்திக்குவாங்க.

அந்தப் பொற்கோயில் குளத்தங்கரையிலயும் அப்படி ஒரு அம்மா இருந்திருப்பாங்கல்ல?
அவங்களை எந்தக் கணக்குல எழுதினாங்க?