ஒரு கடைப்பலகை

ரொகோகோ என்ற பெயரே கேலியில் பிறந்தது. ரொகாய் என்றால் சிப்பியும் கல்லும் பதித்த செயற்கைக் குகை வேலைப்பாடு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர் தாவீதின் மாணவர்கள் அச்சொல்லைத் திரித்து முந்திய தலைமுறையின் மேல் எறிந்தார்கள். கேலி இன்னும் ஓயவில்லை. வளைகோடு, வெளிறிய ரோஜா நிறம், இளநீலம், மேகத்தின் மேல் சதைப்பற்றான தேவதைகள் என்று அடுக்கிவிட்டு, வெறும் அலங்காரம் என்று கைகழுவிவிடுகிறார்கள். பூஷே விஷயத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. திதரோ அவரைச் சாடியது நியாயம்தான். வாத்தோவையும் அதே கணக்கில் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

14ஆம் லூயி 1715ல் இறந்தபோது வாரிசுக்கு 5 வயது. ஆட்சிப் பொறுப்பேற்ற ஓர்லேயான் கோமகன் அரசவையை வெர்ஸாயிலிருந்து பாரிசுக்கு மாற்றினார். பிரபுக்கள் நகரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். மண்டபங்கள் போய் அறைகள் வந்தன. மன்னரின் போர் வெற்றிகளை வரைய அங்கே இடமுமில்லை, அவசியமுமில்லை. மீதியை வாத்தோவே ஒரு கடையின் பெயர்ப்பலகையில் சொல்லிவிட்டார்.

நோத்ர் தாம் பாலத்தின் மேலிருந்த ஓவிய வியாபாரி ஜெர்சானின் கடை அது. கடையின் பெயர் 'மகா மன்னர்'. சயரோகம் முற்றியிருந்த வாத்தோ, விரல்களின் விறைப்பைப் போக்கிக்கொள்ள, எட்டே நாட்களில், அதுவும் காலைகளில் மட்டும் வரைந்ததாக ஜெர்சான் பின்னால் எழுதினார். சுமார் 3 மீட்டர் அகலம். என்னிடமுள்ள அச்சுப்படத்தில் ஒரு சாண்.

இடது பக்கம் லூயியின் உருவப்படத்தை மரப்பெட்டிக்குள் இறக்குகிறார்கள். வலது பக்கம் ஒரு கிழவர் மண்டியிட்டு, பெரிய ஓவியமொன்றின் நிர்வாண உடல்களைக் கண்ணாடி வைத்து ஆராய்கிறார். இந்த நையாண்டி எளிதில் பிடிபடுவது. என்னைத் தொந்தரவு செய்வது தெருவிலிருந்து படியேறும் பெண். அவள் முதுகுதான் நமக்கு. கழுத்திலிருந்து தரைவரை ரோஜா நிறப் பட்டின் மடிப்புகள். ஒருவன் உள்ளே வரச் சொல்லிக் கை நீட்டுகிறான். அவளோ பெட்டிக்குள் போகும் முகத்தை ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். துக்கமா, அசிரத்தையா? முகம் காட்டிக்கொடுக்காததைப் பட்டின் தயக்கமான சரிவு சொல்கிறது. இதைத்தான் அலங்காரம் என்கிறார்கள். இந்தப் பட்டை நீக்கிவிட்டால் ஒரு யுகம் முடிந்த தகவல் மட்டும் மிஞ்சும். ஃப்ராகொனாரின் 1767ஆம் வருடத்து ஊஞ்சலிலும் பட்டு இருக்கிறது, பெட்டி இல்லை.

1721 ஜூலையில், 36 வயதில், வாத்தோ இறந்தார். பலகை கடை வாசலில் தொங்கியது 15 நாட்கள்தான். பிற்பாடு அதை வாங்கியவர் பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக்.