செட்டிபாளையத்தில் ஒரு துளையின் கோணம்

கோவையிலிருந்து போத்தனூரைத் தாண்டிச் செல்லும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு அப்பாலிருந்து திடீரென்று உறுமல் கேட்டால் செட்டிபாளையம் வந்துவிட்டது என்று அர்த்தம். 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே இங்கேதான் இருக்கிறது. 2.1 கி.மீ. நீளமே உள்ள, சுருண்டு சுருண்டு ஓடும் பந்தயத் தடம். மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்து, நடுத்தர வர்க்கத்து இளைஞர்களும் ஓட்டக்கூடிய ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர் கோவையின் எஸ். கரிவரதன். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவருடைய பெயரைத்தான் இந்தத் தடம் தாங்கி நிற்கிறது.

அவர் காலத்து மாருதி என்ஜினில் கார்புரேட்டர் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் போதும். இப்போது ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்து தாங்களே கட்டிய கார்களோடு இங்கு வரும் பொறியியல் மாணவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது ஒரு சின்னத் துளைக்காக: பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எங்கே, எந்தக் கோணத்தில் உட்கார வைப்பது?

பிரச்சினை விதிமுறையிலேயே தொடங்குகிறது. பலரும் பயன்படுத்துவது பைக் என்ஜின்; குறிப்பாக சாக்கனில் தயாராகும் கேடிஎம் 390-ன் 373 சிசி ஒற்றைச் சிலிண்டர். பைக்கில் த்ராட்டிலும் இன்ஜெக்டரும் சிலிண்டர் ஹெட்டை ஒட்டியே இருக்கும். போட்டி விதியோ, என்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே கழுத்து வழியாகத்தான் போக வேண்டும், த்ராட்டில் அதற்கும் முன்னால் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, த்ராட்டில் இடம்பெயர்கிறது. கழுத்துக்குப் பின்னால் ஒரு காற்றுப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், பிறகு ஹெட். பழைய வீட்டை இழந்த இன்ஜெக்டருக்குப் புது வீடு தேட வேண்டியிருக்கிறது.

ஹெட்டிலிருந்து தள்ளி, காற்றுப் பெட்டியின் வாய் அருகே வைத்தால் பெட்ரோல் காற்றோடு கலக்க நேரம் கிடைக்கும். அது ஆவியாகும்போது காற்றும் குளிரும். அதிவேகச் சுழற்சியில் சக்தி கூடும். ஃபார்முலா ஒன்னின் வி8 காலத்தில் (2006 முதல் 2013 வரை) இன்ஜெக்டர்கள் காற்றுக் குழாய்களின் வாய்க்கு மேலே தொங்கியது இதற்காகத்தான். அதைப் படத்தில் பார்த்துவிட்டு அப்படியே காப்பியடிக்கும் ஆசை எந்த மாணவருக்கும் வரும். ஆனால் இந்தப் போட்டியில் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ. சுமார்தான். கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு விநாடியும் ஆக்சிலரேட்டரை மிதித்து, விட்டு, மிதிக்க வேண்டும். தொலைவில் பீய்ச்சிய பெட்ரோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. மிதித்தவுடன் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதாமல் வண்டி திக்குகிறது. காலை எடுத்தால், ஒட்டியிருந்தது பின்னாலேயே வந்து புகைபோக்கியில் படபடவென வெடிக்கிறது. இங்கே வால்வுக்குக் கிட்ட, அதன் சூடான முதுகில் படும்படி பீய்ச்சுவதுதான் புத்திசாலித்தனம்.

கிட்ட வைத்தால் மட்டும் போதாது. இந்த என்ஜினில் காற்று உள்ளே வர இரண்டு வால்வுகள். அதற்கேற்ற இன்ஜெக்டர் இரண்டு தாரைகளாகப் பீய்ச்சும். அதைக் குழியில் கால்வட்டம் திருப்பி மாட்டிவிட்டால் தாரைகள் வால்வுகளைத் தேடிப் போகாமல் குழாயின் கூரையிலும் தரையிலும் அடிக்கும். நுனி காற்றோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் தவறு. மிகவும் உள்வாங்கியிருந்தாலும் தாரை குழியின் உதட்டில் மோதும்.

கணினித் திரையில் இதையெல்லாம் அழகாக வரைந்துவிடலாம். செய்து பார்த்துத் தவறிய அணிகள் கடைசி நேரத்தில் ஓடுவது கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு. பம்புசெட்டும் மோட்டாரும் செய்து பழகிய கைகள். "எத்தன டிகிரிங்க தம்பி?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வரைபடத்தைக் காட்டினால், "வெல்டு அடிச்சா அலுமினியம் இழுக்குமுங்க. மொதல்ல வெல்டு, அப்பறம் ஓட்ட" என்று பதில் வருகிறது. குழியை முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பற்றவைத்தால், சூட்டில் அது வட்டம் இழந்து கோணமும் மாறிவிடும். பிறகு ஓ-ரிங் சரியாகப் பிடிக்காது. காற்று கசிந்தால் டியூனிங் கெடும். சுமார் 3 பார் அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் கசிந்து சூடான என்ஜின்மேல் சொட்டினால் கதையே வேறு. சோதனை மேஜையில் காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பதும், பிளாஸ்டிக்கில் அச்சிட்ட ஃப்யூல் ரெயில் கூடாது என்பதும் இந்தப் பயத்தினால்தான். வருடம் முழுக்க உழைத்த அணிக்கு இதைவிட அவமானம் கிடையாது: ஒரு சொட்டுக்காகத் தடத்தையே தொடாமல் ஊர் திரும்புவது.

மும்பை போன்ற கடற்கரை நகரங்களிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு தலைவலி. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. காற்றழுத்தம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. ஊரில் சரிசெய்த பெட்ரோல் கணக்கை இங்கே மறுபடி பார்க்க வேண்டும். (இதே செட்டிபாளையத்தில் ஜல்லிக்கட்டும் நடக்கிறது. காளைகளுக்கு இந்தக் கவலை இல்லை.)

உண்மையான பரீட்சை கடைசியில், 22 கி.மீ. ஓட்டத்தில். பாதியில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, மூன்று நிமிடத்துக்குள் ஓட்டுநர் மாற வேண்டும். அந்த மூன்று நிமிடம்தான் எமன். தண்ணீர் ஓட்டம் நின்றுவிட, ஹெட்டின் சூடு இன்ஜெக்டருக்கும் ரெயிலுக்கும் ஏறுகிறது. உள்ளே நிற்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. வால்வுக்குக் கிட்ட வைத்ததற்கு இங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு ஹைலம் தகட்டை வெட்டிச் செருகியிருப்பார்கள். சூட்டைத் தடுக்கும் எளிய வைத்தியம். கோவையில் மோட்டார் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

புது ஓட்டுநர் பெல்ட்டை இறுக்கிக்கொள்கிறார். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. கம்பி வேலிக்கு வெளியே நிற்கும் இருபது முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. பிடித்துக்கொண்டால் ஓவென்று கூச்சல். பிடிக்காவிட்டால், நான்கு பேர் உள்ளே போய் காரைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.