நினைவுப் பொருளின் மறுபக்கம்

மலாக்கா நகரின் பழைய பகுதியில் தெருப்பெயர்களே அங்கு வாழ்ந்தவர்களின் தொழிலைச் சொல்லிவிடுகின்றன. மலாய் மொழியில் ‘துக்காங்’ என்றால் கைவினைஞர். ‘ஜாலான் துக்காங் எமாஸ்’ என்பது பொற்கொல்லர் தெரு. ‘ஜாலான் துக்காங் பெசி’ என்பது கொல்லர் தெரு. பொற்கொல்லர் தெருவில்தான் மலாக்காச் செட்டிகள் 1781ஆம் ஆண்டில் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இங்கேயே மணம் புரிந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களே இச்செட்டிகள்.

மலாக்கா 1989ஆம் ஆண்டில் வரலாற்று நகரமாக அறிவிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பிறகு சுற்றுப்பயணிகளின் வருகை பெருகியது. நினைவுப் பொருள் கடைகளும் பெருகின. ஜோங்கர் தெருவில் நடந்தால் சாவிக்கொத்து, காந்த வில்லை, சட்டை, விசிறி என இருபுறமும் பொருள்கள் குவிந்து கிடக்கும். அவற்றுள் பல, எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ‘மலாக்கா’ என்ற எழுத்தை அழித்துவிட்டு வேறோர் ஊரின் பெயரை எழுதினால், அந்த ஊரிலும் அவை விற்பனையாகும்.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் என் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்து மலாக்காவுக்குச் சென்றேன். அவள் படிவம் நான்கு மாணவி. பாட்டிக்கு ஒரு பரிசு வாங்க வேண்டும் என்று ஐம்பது ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தாள். முதலில் நுழைந்த கடையிலேயே பத்து ரிங்கிட்டுக்கு மூன்று சாவிக்கொத்துகள் கிடைத்தன. “சித்தி, இந்தப் பணத்தில் பதினைந்து வாங்கலாம். பாட்டிக்கும் கொடுக்கலாம்; என் தோழியருக்கும் கொடுக்கலாம்,” என்றாள். கணக்குச் சரிதான். “வாங்குவதற்கு முன் இன்னும் சில கடைகளைப் பார்ப்போம். எதையும் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்,” என்றேன்.

அடுத்த கடையில் பாத்தேக் துணிகள் தொங்கின. ஒன்றின் விலை இருபத்தைந்து ரிங்கிட்; பக்கத்தில் இருந்ததோ நூற்றைம்பது ரிங்கிட். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இரண்டின் ஓரங்களையும் மடித்துக் காட்டினேன். மலிவான துணியின் பின்புறம் வெளிறியிருந்தது. மற்றதில் இருபுறமும் வண்ணம் ஒன்றுபோல் பதிந்திருந்தது. காரணம் எளிது. உண்மையான பாத்தேக்கில் உருகிய மெழுகால் கோலம் வரைவார்கள். மெழுகு துணியை ஊடுருவி நிற்பதால், அந்த இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடங்களில் சாயம் மறுபக்கம் வரை ஊறும். இயந்திரத்தில் அச்சிட்ட துணியில் சாயம் மேற்பரப்போடு நின்றுவிடும். இதை ஒருமுறை பார்த்ததும் அவளுக்குப் புதிய ஆர்வம் பிறந்தது. அதன் பிறகு எந்தக் கடைக்குள் சென்றாலும் பொருளின் பின்புறத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனபோது, ஒரு குறுகிய கடையில் மணி தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைக் கண்டோம். பெரானாக்கான் பெண்களின் புகழ்பெற்ற கைவினை ‘காசுட் மானிக்’ என்னும் மணிக்காலணி. மரச்சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கடுகைப் போன்ற கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துத் தைக்கிறார்கள். ஒரு சோடிக் காலணியின் முகப்புக்கு ஆயிரக்கணக்கான மணிகள் தேவை. முற்காலத்தில் நொன்யாப் பெண்கள் திருமணத்துக்கு முன்பே இக்கலையைக் கற்றுத் தேர்ந்தார்கள். பெண்ணின் பொறுமைக்கும் நுட்பத்துக்கும் அவள் தைத்த காலணியே சான்றாக இருந்தது.

காலணியின் விலை பல நூறு ரிங்கிட். அது எங்களுக்கு எட்டாது. ஆனால், மேசையின் ஓரத்தில் மணியால் பூ வேலை செய்த சிறிய நூலடையாளங்கள் இருந்தன. ஒன்றின் விலை நாற்பத்தைந்து ரிங்கிட். பாட்டி நாள்தோறும் புத்தகம் படிப்பவர் என்பதால், அவளது கை அதை நோக்கி நீண்டது. ஆயினும், விலை அவளைத் தயங்க வைத்தது.

“சித்தி, கொஞ்சம் குறைத்துக் கேட்கலாமா?” என்று தமிழில் மெல்லக் கேட்டாள்.

“முதலில் அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேள்.”

அவள் மலாயில் கேட்டாள். “ஏழு மணி நேரம் ஆகும், அடேக். இப்போது கண் அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை,” என்று சிரித்தார் அந்த ஆன்ட்டி. மணி, நூல், துணி எல்லாவற்றுக்கும் பத்து ரிங்கிட் ஆகும் என்றும் சொன்னார்.

கடைக்கு வெளியே வந்து இருவரும் கணக்குப் போட்டோம். நாற்பத்தைந்தில் பத்தைக் கழித்தால் முப்பத்தைந்து. அதை ஏழால் வகுத்தால், ஒரு மணி நேர உழைப்புக்கு ஐந்து ரிங்கிட். நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று கொண்டால், அது மணிக்கு எட்டு ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம். நாங்கள் விலை அதிகம் என்று எண்ணிய பொருளைச் செய்தவருக்கு அந்த எட்டு ரிங்கிட்டும் கிடைக்கவில்லை. கடை வாடகையையும் மின் கட்டணத்தையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இப்படி இருந்தால் இதை யார் கற்றுக்கொள்வார்கள், சித்தி?” என்று கேட்டாள். கைவினையைப் பற்றிய மிக முக்கியமான கேள்வி அதுதான். ஒரு கலை, மக்கள் அதை மறந்துவிடுவதால் மட்டும் அழிவதில்லை. அதைச் செய்பவரால் அதைக் கொண்டு வாழ முடியாமல் போகும்போதும் அழிகிறது. அந்த ஆன்ட்டியின் மகள் சிங்கப்பூரில் கணக்காளராகப் பணியாற்றுகிறாராம். அவரைக் குறை சொல்ல முடியுமா?

இந்நிலை மலாக்காவுக்கு மட்டும் உரியதன்று. பழம்பெருமை உள்ள நகரங்கள் பலவற்றிலும் காணப்படுவது. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரம் 1978ஆம் ஆண்டிலேயே உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் நடுச்சதுக்கத்தில் துணி வணிகத்துக்காக எழுந்த பழைய மண்டபத்தில் இன்று நினைவுப் பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கு ஆம்பர் நகைகளுக்குப் பெயர் அதிகம். ஆம்பர் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்களின் பிசின் இறுகிக் கல்போல் ஆனது. ஆம்பரைப் போலவே தோன்றும் நெகிழி மணிகளும் உலகச் சந்தையில் உண்டு. உப்பு நிறையக் கரைத்த நீரில் ஆம்பர் மிதக்கும். கண்ணாடியும் பலவகை நெகிழிகளும் மூழ்கிவிடும். தமிழ்நாட்டிலோ தஞ்சாவூர் ஓவியத்துக்கும் தலையாட்டி பொம்மைக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைப் பிற ஊரார் தம் பொருளுக்குச் சூட்டி விற்காமல் இருக்க அது சட்டத் துணையாகிறது. சட்டம் பெயரைக் காக்கும். ஆனால் கைவினைஞரின் அடுப்பு எரிய வேண்டுமானால், அறிந்து வாங்குபவர் வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் கேட்ட விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தொழிற்சாலைப் பொருளை வாங்கி விற்கும் கடையில் பேரம் பேசுவது சந்தையின் வழக்கம். சாவிக்கொத்து வாங்குவதும் தவறன்று. ஆனால், செய்தவரே விற்கும் இடத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இதை யார் செய்தார்? எதனால் செய்தார்? எவ்வளவு நேரம் ஆயிற்று? விடை கிடைத்த பிறகு விலையைப் பற்றி முடிவு செய்யலாம். நம் ஜொகூரிலும் இக்கேள்விகளைக் கேட்கலாம். ஆயர் ஈத்தாம் சாலையோரத்துச் சாடிகளையும் பானைகளையும் பார்க்கும்போது கேட்டுப் பாருங்கள்.

அவள் மீண்டும் கடைக்குள் சென்று, பேரம் பேசாமல் நூலடையாளத்தை வாங்கினாள். மீதமிருந்த ஐந்து ரிங்கிட்டில் இருவரும் செண்டோல் குடித்தோம். தோழியருக்கு எதுவும் வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் வீடு வரும் வரை அவளிடம் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பாட்டி இளமையில் தோட்டத்தில் அண்டை வீட்டாருக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். பேத்தி நீட்டிய நூலடையாளத்தை வாங்கினார். பூக்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலேயே அதைத் திருப்பி, பின்புறத்துத் தையலை விரலால் தடவினார்.

“முடிச்சு ஒன்றுகூடத் தெரியவில்லையே. யாரம்மா தைத்தது?” என்று கேட்டார்.

அவள் பாட்டியின் அருகில் அமர்ந்து, அந்த ஆன்ட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.